நீல்டாவின் அளவு

ஊரிலிருந்து மேட்டேறி வந்த கசிமிரா, பவுலினாவின் தறியில் பாதி நெய்திருந்த கறுப்புக் கம்பளி உடையைப் பார்த்துச் சிரித்தாள். இந்தத் திருவிழாவில் பெண்கள் எல்லோரும் பழைய கைநெசவு உடையில்தான் ஆட வேண்டும் என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது.

"என்ன பவுலினாக்கா, இவ்வளவு நீளம்? நீ போட்டா தரையைக் கூட்டிக்கிட்டே ஆடணும்!"

"எனக்கில்லடி, நீல்டாவுக்கு."

"உம் மகளுக்கா? பட்டணத்துல ஜீன்ஸ் மாட்டிக்கிட்டுத் திரியறவ. போன வருஷம் சால்வை போடச் சொன்னதுக்கே அந்தக் குதி குதிச்சா!"

"இதைப் போட்டுக்குவா."

"அப்போ ஆட வர்றான்னு சொல்லு. வரிசையில இடம் வைக்கிறேன்."

பவுலினா தறிப் பக்கம் குனிந்தாள். லாமா என்ற மலைவிலங்கின் எலும்பால் நூலை இறுக்கினாள். பட்டியில் கம்பளி தரும் அல்பாக்காக்கள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

திருவிழா அன்று வரிசையில் தாயும் இல்லை, மகளும் இல்லை. கோபமாக மேட்டேறி வந்த கசிமிரா, முற்றத்திலேயே நின்றுவிட்டாள். பவுலினாவின் முன்னால் நெருப்பு. அதில் அந்தக் கறுப்பு உடை எரிந்துகொண்டிருந்தது.

"ஐயோ அக்கா, செத்தவங்களுக்குத்தானே உடுப்பை எரிச்சு அனுப்புவோம்?"

"மழைக்காலத்துலேயே அவளைப் பட்டணத்துல புதைச்சுட்டாங்கடி. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்குச் சேதி வந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல வாய் வரல."

கசிமிரா மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜீன்ஸோட போயிருக்கா. அங்கே, முன்னாடி செத்துப்போன நம்ம ஆளுங்களுக்கு அவளை அடையாளம் தெரியாது," என்றாள் பவுலினா. "தனியா நின்னுக்கிட்டு இருப்பாடி."