வள்ளத்துக்கு வள்ளம்

பாரிஸிலிருந்து குருநகருக்கு வந்திறங்கிய றொசாந்திக்கு ஒரே பயம். முதல்முறை பார்க்கும் தாத்தாவோடு மகள் லவீனா ஒட்டுவாளா?

"அப்பா, அவள் உங்களோடை கதைக்கேல்லை எண்டு மனம் நோகாதேங்கோ."

"நான் எப்ப நொந்தனான்?" என்றார் யாகப்பு.

பக்கத்து வீட்டு மக்டலீன் வேலியால் எட்டிப் பார்த்தாள். "பிரான்ஸிலை பிறந்ததுகளுக்குத் தமிழ் எங்கை வரப்போகுது? யாகப்பண்ணை இனிச் சுவரோடைதான் கதைக்கவேணும்!"

றொசாந்தி அடுப்படிக்குப் போனாள். சமையலை முடித்துவிட்டுப் பார்த்தால் தாத்தாவையும் பேத்தியையும் காணவில்லை. பதறிக் கரைக்கு ஓடினாள்.

கரையில் கட்டியிருந்த மீன்பிடி வள்ளத்தில் இருந்த யாகப்பு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எதிரே இருந்த லவீனா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தானும் கைகளை ஆட்டினாள்.

"என்னப்பா சொல்லுறாள்?" றொசாந்தி நம்பமுடியாமல் கேட்டாள்.

"என்ரை வலையிலை ஒண்டுமில்லையாம், தன்ரை வலை நிறைய மீனாம். பொய்க்காரி!"

"உங்களுக்கு எப்பிடி விளங்குது?"

"எஞ்சின் இரைச்சலுக்கை மற்ற வள்ளத்துக்காரனோடை நாங்கள் வாயாலையோ கதைக்கிறனாங்கள்? சின்னனிலை இருந்து கையாலைதானே, பிள்ளை."

பிறவியிலேயே காது கேளாத லவீனா, தாயைக் கண்டதும் விரல்களால் அதட்டினாள்: 'குறுக்கை வராதேங்கோ அம்மா, நாங்கள் கதைக்கிறம்.'

"மாதாவே!" என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு றொசாந்தி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.