வண்டிக்கு ஒரு மரக்கரண்டி

"பிடிச்சிட்டீங்களா அத்தை?"

"எப்பவோ பிடிச்சாச்சு. நீ சாவியத் திருப்பு!"

பானெட் தூக்கியிருந்தால் ஸ்டியரிங் முன்னால் இருப்பவருக்கு இன்ஜின் பக்கம் நிற்பவரைத் தெரியாது. கத்தித்தான் ஆக வேண்டும்.

என் மனைவியும் அம்மாவும் ஒரு நாளில் நேருக்கு நேர் பேசிக்கொள்வது இவ்வளவுதான். வீட்டுக்குள் உப்புக்கூட என் வழியாகத்தான் கை மாறும்.

சண்டைக்குக் காரணமும் மனைவி வாங்கிய இந்தப் பழைய கார்தான். "ஊரான் கழிச்சுப் போட்டத வீட்டுக்குள்ள ஏத்துறா" என்றார் அம்மா, அது வந்த அன்று. இருவருக்கும் வேலைக்கு ஒரே வழி என்பதால், முகத்தைத் திருப்பிக்கொண்டே அதில் ஏறினார்.

பேட்டரி முனையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் தேய்ந்திருந்தது. இன்ஜினைச் சுழற்றிவிட ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் வேண்டும். பிடிப்பு தளர்ந்தால் அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும்; 'டிக்' என்று சத்தம் கேட்கும், அவ்வளவுதான். யாராவது கிளாம்ப்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். நான் பின்னால் நிற்பேன், தள்ள வேண்டியிருந்தால் தள்ள.

அழுத்துவதற்கு மரக்கரண்டி. மரம் மின்சாரத்தைக் கடத்தாது. வளைவு கிளாம்ப்பின் மேல் கச்சிதமாக உட்காரும். அதைக் கண்டுபிடித்தது அம்மா. 'எங்க வீட்டு இன்ஜினியர்' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிரேக் பார்க்கப் போன இடத்தில் கரண்டிக் கதையைக் கேட்டு மெக்கானிக் சிரித்தார். "வாங்கின விலை ஒரு தடவைதான் சார். வச்சிருக்கிறதுக்கு மாசா மாசம் கப்பம் கட்டணும்." பழகிய தோஷத்துக்கு ஒரு புதுக் கிளாம்ப்பை இனாமாகவே மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் ஒரே திருப்பலில் வண்டி கிளம்பியது.

கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மா வாசலில் நின்றார். பிறகு அதைச் சமையலறையில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் பூனைபோலப் போனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிந்தைய காலைகளும் அப்படியே. இந்தக் காருக்காக நாங்கள் கொடுத்ததிலேயே பெரிய விலை அந்த இனாமுக்குத்தான்.

இன்று காலை, இருவரும் கிளம்புவதற்கு முன்பே, ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன்.

நட்டு ஏற்கெனவே தளர்ந்திருந்தது.

அதுவும் நெகட்டிவ் முனையில். முதலில் அதைத்தான் தொட வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்று சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். இருவருமே காது கொடுத்ததாகத் தெரியவில்லை. கழன்றும் விழாத, இறுகப் பிடிக்கவும் செய்யாத அளவு. நானே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

காலடிச் சத்தம் கேட்டு ஸ்பேனரை மறைத்தேன்.

அம்மா வந்தார். கையில் மரக்கரண்டி. புதுக் கிளாம்ப் போட்ட வண்டிக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மனைவி வந்தாள். தூக்கியிருந்த பானெட்டைப் பார்த்து ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்தாள். சாவியை ஒருமுறை திருப்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

"பிடிச்சிட்டீங்களா அத்தை?"

நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். இரண்டு இன்ஜினியர்கள் உள்ள வீடு எங்களுடையது.