பதினைந்து நாள் செல்லும்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் கண் இரண்டும் அவிந்து போகட்டும். நடந்தது நடந்தபடியே இதுதான்.

“அசையாம நில்லுங்க சார். கையை ஒடம்போட ஒட்டி வைங்க,” என்றார் தச்சர். மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை டேப் ஓடியது.

கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுப்பவன்போல அவன் முகத்தில் கொஞ்சம் வெட்கம்கூட இருந்தது. ஆனால் தச்சர் செய்வது சவப்பெட்டி. அதுவும் கட்டிலில் கிடக்கும் அவன் அப்பாவுக்கு.

“என்னைப் புரட்டினா முதுகுப்புண்ணு கிழிஞ்சிடும். இவனையே அளந்துக்கய்யா, அப்பனும் மகனும் ஒரே உயரம்தான்,” என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவருடைய பாதங்கள் கட்டிலைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“பாதிப் பணம் அட்வான்ஸா குடுத்தா நாளைக்கே மரம் அறுத்துடுவேன்,” என்றார் தச்சர்.

மகன் சட்டைப்பைக்குள் கையை விட்டான்.

“எடுடா கையை!” மர டிப்போவில் நாற்பது வருடம் பில் பிரிவில் உட்கார்ந்தவர் பெரியவர். “முதல்ல புரோபார்மா இன்வாய்ஸ் போட்டுக் குடுக்கச் சொல்லு.”

“அதுவும் பில்லுதானேப்பா?”

“நாசமாப் போச்சு. டேய், வித்த சரக்குக்குப் போடறது பில்லு. விக்கப்போற சரக்குக்குப் போடறது புரோபார்மா. என்ன மரம், என்ன அளவு, என்ன விலை, எத்தனை நாள் செல்லும், எல்லாம் இருக்கும். கடன் மட்டும் இருக்காது. சரக்கு கை மாறினாதான் கடன். புரோபார்மாவைப் பாத்துட்டு ஓடிவந்து பணம் கட்டறவனுக்கு எங்க டிப்போல ஒரு பட்டப்பேரு உண்டு. உங்கம்மா ஒத்துக்கல, இல்லன்னா அதையே உனக்கு வச்சிருப்பேன்.”

தச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். தேக்கு, பித்தளைப் பிடி நான்கு, விலை, வரி. அடியில் ஒரு வரி: ‘இது பில் அல்ல. பதினைந்து நாள் செல்லும்.’

மகனுக்கு அவசரம். அப்பாவுக்குப் பின் தனக்கு வரப்போகும் வீட்டை முன்கூட்டியே ஒருவரிடம் விலை பேசி, பெரிய தொகையை முன்பணமாக வாங்கி, அதைச் செலவும் செய்து முடித்திருந்தான். மாதக் கடைசிக்குள் வீட்டைக் கொடுக்காவிட்டால் போலீஸ். டாக்டரோ பத்து நாள் தாங்காது என்று கைவிரித்திருந்தார்.

பதினாறாம் நாள் காலை பெரியவர் இரண்டாவது டம்ளர் காபி கேட்டார்.

மகன் புது புரோபார்மாவோடு வந்து நின்றான். “தேக்கு ஏறிடுச்சாம்பா. நூத்துக்குப் பத்து.”

“மன்னிச்சுக்கடா. நானும் முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன்.”

“பிளைவுட்ல போட்டுடலாமா?”

“செத்த பிறகும் நான் மழையில ஊறணுமா? தேக்குதான்.”

அந்த வாரம் வீட்டை வாங்குபவர் அலமாரி வைக்க இடம் பார்க்க வந்தார். அறைச் சுவரை அளந்துவிட்டு, “இந்தக் கட்டில் எப்பங்க நகரும்?” என்று மகனிடம் மெதுவாகக் கேட்டார்.

“தனியாவா, என்னோட சேத்தா?” என்றார் பெரியவர்.

தச்சரும் கறாராகிவிட்டார். “அட்வான்ஸ் இல்லாமலே உங்களை நம்பிப் பெட்டியைச் செஞ்சுட்டேன் சார். முப்பதாம் தேதி அஞ்சு மணிக்குக் கொண்டாருவேன். வேணாம்னா அடுத்த தெருவுல ஒருத்தர் இழுத்துக்கிட்டு இருக்கார், அவருக்குப் போயிடும். இன்னொரு புரோபார்மா எல்லாம் கேக்காதீங்க.”

முப்பதாம் தேதி மகன் வேலைக்கார அம்மாவுக்கு லீவு கொடுத்தான். நான்கு மணிக்கு ஒரு தட்டில் இரண்டு டம்ளர் பாலை வைத்து அவனே எடுத்துவந்தான். அதில் ஒன்றை ஸ்பூனால் கலக்கினான், கலக்கினான், கலக்கிக்கொண்டே இருந்தான்.

“நீயா? பாலா?”

“ஏம்பா, பெத்த பிள்ளை ஒரு நாள் குடுக்கக் கூடாதா?”

“தாராளமா. இன்னைக்கு என்ன தேதி?”

“முப்பதுப்பா.”

“அதானே. நாப்பது வருஷம் பாத்துட்டேன். எத்தனை நாள் கெடு வச்சாலும் கடைசி நாள் மத்தியானம்தான் ஒவ்வொருத்தனும் அசைவான்.” பெரியவர் கண்ணைச் சுருக்கினார். “வெயிலு மூஞ்சில அடிக்குது. அந்த ஜன்னலைச் சாத்திட்டு வா.”

மகன் தட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்ச் சாத்திவிட்டு வந்தான். இருவரும் குடித்தார்கள்.

“சர்க்கரை போதுமாப்பா?”

“எனக்குப் போதும். உனக்கு?”

சரியாக ஐந்து மணிக்கு இரண்டு ஆட்களோடு தச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பெட்டியை அப்படியே கீழே இறக்கினார். “ஐயா... நீங்க இன்னும்... அப்ப பெட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடவா?”

“எதுக்கு? கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில பாரு, நீ அளந்த ஆளு கெடக்கான். பில்லைப் போடு.”

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. பக்கவாதத்தில் பெரியவருக்குப் பேச்சு அடியோடு நின்று அன்றோடு மூன்று வருடம் ஆகியிருந்தது.