எடுக்கக் கூடாத போன்

ஐந்தாவது தடவையாகப் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

சேல்ஸ்மேன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் மட்டும் ஒரு பார்வை. பின்சீட்டில் பாதுகாப்பு அதிகாரியின் கோட்டு மேடாகக் கிடந்தது. அசையவே இல்லை.

'நடிக்கிறீங்களா சார்? நடிங்க, நடிங்க.'

கம்பெனிக் காரை ஏற்கெனவே இரண்டு தடவை இடித்தவன் அவன். அதிகாரி வைக்கும் இன்றைய சாலைத் தேர்விலும் சொதப்பினால் சாவியோடு வேலையும் போகும். காலையிலேயே கேஷியர் அக்கா காதைக் கடித்திருந்தாள்.

"அந்த மனுஷன் பின்னாடி தூங்குற மாதிரி கிடப்பாரு. வேற நம்பர்லேர்ந்து அவரே உனக்குப் போன் அடிப்பாரு. எடுத்தே, தொலைஞ்சே."

கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார் மனிதர். சாம்பிள் பைகளுக்கு நடுவே சாய்ந்து, கோட்டை முகம்வரை இழுத்துக்கொண்டார். பெல்ட் போடவில்லை. கார் கீங் கீங் என்று கத்தியது.

"சார், பெல்ட்டு..."

"டெஸ்ட்டு உனக்கா, எனக்கா? ரோட்டைப் பாரு தம்பி."

இதுவும் ஒரு பொறியோ? எத்தனை மார்க் குறைத்தாரோ? நல்லவேளை, பெட்ரோல் பங்க்கில் இவன் இறங்கி நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தபோது கீங் கீங் அடங்கியிருந்தது. வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

ஆறாவது தடவை அடித்தது.

"சார், ஏசி அதிகமா இருக்கா?" என்று நூல்விட்டுப் பார்த்தான். பதில் இல்லை. கழுத்தைத் திருப்பவும் பயம். சாலையிலிருந்து கண்ணை எடுத்தான் என்று எழுதிவிட்டால்?

பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தபடி முந்தியது. "வண்டியை ஓட்டுறியா, தள்ளிக்கிட்டுப் போறியா?" என்று கத்திவிட்டுப் போனான் லாரிக்காரன். இவன் அறுபதைத் தாண்டவில்லை.

இரண்டு மணி நேரம் ஓட்டினால் கால் மணி நேரம் ஓய்வு. அதுவும் விதிதான். இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்தான்.

ஏழாவது தடவை. இப்போது எடுக்கலாம். பின்சீட்டுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினான்.

"ஹலோ! வண்டி ஓடும்போது நான் போனைத் தொட மாட்டேன். இப்ப நிறுத்திட்டுத்தான் எடுக்கிறேன். மார்க்கைப் போட்டுக்கோங்க சார்!"

மறுமுனையில் "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு. அதிகாரியின் குரலேதான். சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டான். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"நூத்துக்கு நூறுப்பா. இப்ப திரும்பி அந்தப் பங்க்குக்கு வந்து என்னையும் ஏத்திக்கோ!"