மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்க

மலைமேல் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன், நகரத்து டாக்டரம்மாவின் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. படம் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. பேச்செல்லாம் போனில்.

“நாற்பது வயசு ஆம்பளை மேடம். காலையிலிருந்து வயித்துவலி. வெறும் வாயுவா, இல்ல கீழே அனுப்பணுமான்னு பார்த்துச் சொல்லுங்க,” என்றார் மலை டாக்டர்.

“வலது விலாவுக்குக் கீழே கருவியை வைங்க. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க.”

சத்தமே இல்லை.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் மேடம்.”

“அங்கேயே அழுத்துங்க. வலிக்குதான்னு கேளுங்க.”

“உயிர் போகுதாம்.”

கேள்வியே கேட்காமல் பதில் வந்தது டாக்டரம்மாவுக்கு இடித்தது.

“மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொல்லிட்டு, நீங்க ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க.”

படம் ஆடாமல் நின்றது. எண்ணிக்கை மட்டும் வரவேயில்லை.

“யோவ் டாக்டர், அது யார் வயிறு?”

போனில் ஒரு பெருமூச்சு வந்தது. “என்னோடதுதான் மேடம். வெளியே பதினோரு பேர் காத்திருக்காங்க. முன்னாடியே சொல்லியிருந்தா என்னைப் படுக்க வெச்சிருப்பீங்க.”

“பித்தப்பையில கல் அடைச்சு வீங்கிக் கிடக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பறேன். இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது, தைரியமா வாங்க.”

“அந்தப் பதினோரு பேர்?”

“போனையும் கருவியையும் நர்ஸம்மாகிட்ட குடுத்துட்டுப் பேசாம படுங்க,” என்ற டாக்டரம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “முதல் ஆளை உள்ளே வரச் சொல்லுங்க.”