இருப்பதிலேயே லேசான ஸ்பிரிங்

கடைசி ஸ்விட்சையும் மூடி, கீபோர்டில் வைத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது.

இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. காலையிலிருந்து இதே நாற்காலி.

ஒவ்வொரு கீக்கும் அடியில் இருக்கிற ஸ்விட்சைப் பிடுங்கி, திறந்து, உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து, அதைவிட லேசான ஒன்றை வைத்து, பிரஷ்ஷால் துளி கிரீஸ் தடவி, திரும்ப மூட வேண்டும். பொழுதுபோக்காகப் பழகிய வேலை. ஒரு காலத்தில் சத்தத்துக்காகச் செய்தாள். புளியங்கொட்டை உருள்கிற மாதிரி கேட்கும் கீபோர்டு ஒன்றைக் கட்டி, ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள்.

இப்போது தம்பிக்காகச் செய்கிறாள்.

நவநீதனுக்குத் தசை மெலிகிற நோய். சக்கர நாற்காலிதான். வலது கையில் ஒரு விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது.

போன மாதம் வரை.

அந்த விரல் தளரத் தளர, அவள் இன்னும் லேசான ஸ்பிரிங்காகத் தேடி வாங்கினாள். இரண்டு நாளாக முந்தைய ஸ்பிரிங்கும் அவனுக்கு அழுந்தவில்லை. இன்று வைத்ததற்குமேல் லேசாக யாரும் செய்வதில்லை. தும்மினால் எழுத்து விழும்.

விரலைப் பற்றி அவன் பேசவே மாட்டான். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேச்செல்லாம். "இந்த மதர்போர்டு பத்தாதுக்கா. அடுத்த தீபாவளிக்குப் புது பிராசசர் வருது. அதோட சேத்து மாத்திக்கலாம்."

அடுத்த தீபாவளி என்று அவன் சொல்லும்போதெல்லாம் அவள் அந்த விரலைப் பார்ப்பாள். சரிடா என்பாள்.

கீபோர்டை அவன் கைக்கு அடியில் நகர்த்தினாள். விரலைப் பிடித்து ஓர் எழுத்தின்மேல் விட்டாள்.

அவன் இன்னும் அழுத்தவே இல்லை.

திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. அதே எழுத்து, ஒரு வரி முழுக்க, அடுத்த வரியும்.

விரலின் கனமே போதுமாக இருந்தது. திரும்பத் தூக்கத்தான் அவனால் முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்பிரிங் இருப்பதே விரலை மேலே அனுப்புவதற்கு. லேசாக்கி லேசாக்கி, அந்த ஒத்தாசையையும் அவளே பிடுங்கிவிட்டிருக்கிறாள். பழையபடி கனமானதை வைத்தால் அவனால் அழுத்த முடியாது.

இத்தனை கீபோர்டு கட்டியவளுக்கு இது தெரியவில்லை. தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றியது. அழுகையும் வந்தது. அழுதால் கிண்டல் செய்வான் என்று அடக்கிக்கொண்டு, அவன் விரலைத் தூக்கித் திரையில் விழுந்ததை அழித்தாள்.

திரையின் மூலையில் ஒரு பெயர் எட்டிப்பார்த்தது. மெர்லின்.

'ரெண்டு நாளா பதிலே இல்ல. பிடிக்கலன்னா நேரா சொல்லிடு. நான் இனிமே எழுதல.'

மெர்லின் யாரென்று அவள் கேட்டதில்லை. இந்த வருஷம் அவன் முகம் தெளிந்திருப்பதற்கு அந்தப் பெயர்தான் காரணம் என்று தெரியும். சக்கர நாற்காலி அந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்பதும் தெரியும். அவன் அனுப்பிய படங்கள் எல்லாம் கழுத்துக்கு மேலே எடுத்தவை. எடுத்துக் கொடுத்தவள் இவள்தான்.

ஃபோனிடம் வாயால் சொன்னால் அதுவே எழுதிவிடும். ஆனால் சமையலறையில் அம்மா இருக்கிறாள். வீடும் அவ்வளவுதான் பெரிசு. அவன் ஒப்ப மாட்டான்.

"நீ அழுத்து. நான் விரலைத் தூக்கிவிடறேன்."

"பாத்துடுவ."

"கண்ண மூடிக்கறேன் போதுமா."

மூடிக்கொண்டாள். அவன் விரலைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

அழுத்தினான். தூக்கினாள்.

மணிக்கட்டு லேசாகச் சாய்கிற பக்கம் அவள் அவன் கையை நகர்த்தினாள். அழுத்தினான். தூக்கினாள்.

கண்ணைத்தான் மூட முடிந்தது. எந்தக் கீ எப்படிச் சத்தம் போடும் என்பது அவளுக்கு அத்துப்படி. எல்லாம் அவள் வைத்த சத்தம். எல்லோரையும் போல அவனும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பான். கீழ் வரிசையில் வி. மேலே போய் ஈ. வலது பக்கம் எல். இடது ஓரத்தில் ஏ.

வேலை.

வேலையாம். ஒரு நாள்கூட வேலைக்குப் போயிராதவனுக்கு வேலை அதிகமாம். இந்தப் பொய்க்கும் ஒவ்வோர் எழுத்தாக அவள்தான் தூக்கிவிட வேண்டும்.

அவள் தூக்கவில்லை.

ஏ-யின்மேல் விரல் கிடந்தது. திரையில் அந்த வேலை நீண்டுகொண்டே போயிருக்கும்.

"தூக்குக்கா."

கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பாத்துட்டியா?"

"பாக்கல. கேட்டுச்சு."

சமையலறையில் குழாயை மூடும் சத்தம் வந்தது. அவன் மூச்சு வேகமாக இருந்தது. கோபமாக இருப்பான். இருக்கட்டும். அவளுக்கும் கோபம்தான். யார்மேல் என்று தெரியாததால் அது இறங்கவும் இல்லை.

"அழிச்சிடு," என்றான்.

விரலைத் தூக்கிப் பிடித்து, கண்ணைத் திறக்காமலே இன்னொரு கையால் தடவி, அவன் போதும் என்கிற வரைக்கும் அழித்தாள்.



பிறகு மணிக்கட்டு நகர்ந்தது. இந்த முறை வலது பக்கம். கே. இடது ஓரத்துக்குப் போய் ஏ. திரும்பவும் வலது பக்கம் வந்து ஐ.

கை.

தூக்கிவிட்டாள்.

இனி வரப்போவது அவளுக்கு உரியது இல்லை. எழுத்துகள் தானாகச் சேர்ந்துவிடாமல் இருக்க, பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் அது அவளுக்கு வந்ததே இல்லை.

அழுத்தினான். தூக்கினாள். அழுத்தினான். தூக்கினாள்.

தட்டுத்தடுமாறி வாய்ப்பாடு முடிந்தது. அவன் இன்னும் முடிக்கவில்லை.

பதினாலை ஆரம்பித்தாள்.