நடத்தைக்கு மதிப்பெண்

"இன்னிக்கும் ட்ரீனாவைக் காணோமா?"

டாக்டர் க்ரூகர் கேட்டதும் பயிற்சி டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர்களின் நடத்தைக்கு மதிப்பெண் போடுகிறவர் அவர்தான். தினமும் காலையில் வார்டைச் சுற்றி முடித்த கையோடு ஒரு வகுப்பும் எடுப்பார். தலைப்பு, 'நோயாளிக்குக் காது கொடுங்கள்'. திரையில் வரும் முதல் படத்தில் அவரே ஒரு கிழவியின் கையைப் பிடித்து உருகிக்கொண்டிருப்பார். படமெடுத்தவர் பிடிக்கச் சொன்னதால் பிடித்த கை.

அந்த வகுப்புக்குத்தான் ட்ரீனா வருவதே இல்லை.

நேற்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார்.

"எங்கம்மா போயிடற?"

"வார்டுல கொஞ்சம் வேலை இருக்கு, டாக்டர்."

"வார்டைத்தான் எல்லாரும் சேர்ந்து சுத்தி முடிச்சாச்சே! அப்புறம் என்ன வேலை?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"நடத்தையில தேறலேன்னா இன்னொரு வருஷம் இங்கேயே கிடக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும், டாக்டர்."

தெரிந்தும் இன்றைக்கு மட்டம். எங்காவது காபியும் கையுமாக உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பாள். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டியதுதான்.

"இருங்க, வரேன்." வகுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

ஆர்விட் நெல்சனின் அறையில் அவள் குரல் கேட்டது. நெல்சன் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சற்று முன்புதான் க்ரூகர் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கதவோரம் நின்றார்.

"ஹார்ட் ஃபெயிலியர்னு சொல்லிட்டுப் போயிட்டாரேம்மா அந்தப் பெரிய டாக்டர். ஃபெயிலியர்னா அவ்வளவுதானே? பொண்ணுக்குப் போன் போட்டு என் படகை வித்துடச் சொல்லிட்டேன்."

"ஐயோ! இதயம் நின்னு போச்சுன்னு அர்த்தமில்லீங்க. பம்பு கொஞ்சம் சோர்ந்திருக்கு. மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டு உப்பைக் குறைச்சா, கோடையில நீங்களே மீன் பிடிக்கப் போகலாம்."

"உப்பைக் குறைக்கணுமா? சமையல்காரன்கிட்ட சொல்ற பேச்சா இது?"

கிழவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதை அவரே சொல்லியிருக்கலாமே?"

"நல்ல டாக்டர்தாங்க. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பார்."

"கேக்கத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் முதுகுதான் தெரிஞ்சுது."

க்ரூகருக்கு முதுகு கூசியது.

"சரி, உடனே பொண்ணுக்குப் போன் போடுங்க, படகு போயிடப் போவுது. எதிர் அறை அம்மா காத்திட்டிருக்காங்க. காலையில அவங்களுக்கும் ஒண்ணும் புரியலையாம்."

திரும்பிய ட்ரீனா, கதவோரம் நின்றவரைப் பார்த்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க, டாக்டர். இதோ... வகுப்புக்கு வந்துடறேன்."

"வகுப்பு இங்கதானே நடக்குது!"

க்ரூகர் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்.

"நட, எதிர் அறைக்கு நானும் வரேன். காலையில நான் என்ன சொன்னேன்னு எனக்கும் தெரியணும்."